நிறுத்தத் தெரிந்தவருக்கே இறக்கம்: நோர்வூட் மலைகளில் சைக்கிள் ஓட்டும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

நோர்வூட், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா பகுதிகளில் மலைச் சைக்கிள் ஓட்டும் தம்பி தங்கைகளுக்கு,



கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயில் 22 கட்டங்களாக, சுமார் 300 கிலோமீற்றர் மலையகத்தைச் சுற்றி வருகிறது. கொட்டகலையிலிருந்து வரும் கட்டம் நோர்வூட்டில் முடிகிறது. அடுத்த கட்டம் இங்கிருந்து பொகவந்தலாவைக்குப் புறப்படுகிறது. நடப்பவர்களை மனதில் வைத்து அமைத்த பாதை அது. ஆனால் ஒரு மலைப்பாதை பெயர் பெற்றுவிட்டால் சக்கரங்களும் அதைத் தேடி வரும். கையில் ஒரு மவுண்டன் சைக்கிள் கிடைத்த பிள்ளைகளுக்கு, மேட்டு லயத்திலிருந்து பணிய லயத்துக்கு விழும் குறுக்குப் பாதையும் புதிதாகத்தான் தெரியும். அதில் தவறு ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக உழைப்பதற்காகவே ஏறி இறங்கிய மலையில், சந்தோஷத்துக்காகவும் ஏறி இறங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்களை வீட்டில் உட்கார வைக்க நான் இதை எழுதவில்லை. பத்து வருடம் கழித்தும் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற அக்கறையில் எழுதுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். ஓர் இறக்கம் நம் திறமைக்குப் பொருந்துமா என்பதை, அதில் இறங்க முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எந்த இறக்கத்திலும் யாரும் இறங்கிவிடலாம். பூமியின் ஈர்ப்பே அந்த வேலையைச் செய்துவிடும். உச்சியில் உருட்டிவிட்டால் ஆளில்லாத சைக்கிளும் அடிவாரம் போய்ச் சேரும். ஓட்டுபவரின் கைக்குள் இருப்பது நிறுத்தும் வேலை மட்டுமே. ஆகவே கேள்வியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பாதையின் மிக மோசமான இடத்துக்கு முன்னால், நான் குறித்த இடத்திலேயே, சக்கரம் சறுக்காமல் நிறுத்தி, காலை ஊன்றி இறங்க என்னால் முடியுமா? முடியும் என்றால் அந்தப் பாதை உங்களுக்கு உரியது. சந்தேகம் எழுந்தால், இன்றைக்கு அது உங்களுக்கு உரியதில்லை. இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லப் பழகியவருக்கு வேறு அளவுகோல் பெரிதாகத் தேவைப்படாது. ஏன் என்று விளக்குகிறேன்.

உலகின் பல இடங்களில் மலைச் சைக்கிள் பாதைகளுக்குத் தரம் குறித்த பலகைகள் உண்டு. சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் வகுத்த முறையில் வெள்ளை வட்டம், பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று ஐந்து படிகள். பாதையின் அகலம், தரையின் தன்மை, சராசரிச் சரிவு, மிகக் கூடிய சரிவு, வழியில் உள்ள தடைகள் ஆகிய ஐந்தையும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். நூறு அடி முன்னேறினால் பத்து அடி இறங்கும் பாதை 10 சதவீதச் சரிவு. நீலச் சதுரத்தில் சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்குள்ளும், தடைகளின் உயரம் 8 அங்குலத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கறுப்பு வைரத்தில் சராசரி 15 சதவீதம் வரை, தடைகள் 15 அங்குலம் வரை போகலாம். பாதையின் அகலம் ஓரடியாகவும் குறையலாம். சராசரி 20 சதவீதத்தைத் தொட்டால் இரட்டைக் கறுப்பு வைரம். ஆனால் இந்தத் தரங்கள் அந்தந்த ஊரின் பாதைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்பவை. ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரில் கறுப்பாக இருக்கலாம். அதைவிட முக்கியம், பலகை பாதையைப் பற்றி மட்டுமே பேசும். ஓட்டுபவர் யார், அன்று மழை பெய்ததா, அவர் தூங்கினாரா, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நம் மலைகளின் குறுக்குப் பாதைகளில் அந்தப் பலகையும் இல்லை. ஆனாலும் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு தரப்பிரிப்பு கண்ணெதிரே கிடக்கிறது. தோட்டத்து லொறி ரோட்டு, கொழுந்து ஏற்றிய வண்டி ஃபெக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சரிவை அளந்து, மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டியது. அங்கே சரிவு குறைவு. பெயர்ந்த கருங்கல்லும் மழை அரித்த பள்ளமும்தான் ஆபத்து. அடுத்தது தேயிலை நிரைகளுக்கு நடுவே போகும் மலைப்பாதை. அகலம் இரண்டடிகூட இல்லாத இடங்கள் உண்டு. நீர் வடிய வெட்டிய கான்கள் குறுக்கே வரும். செடி மறைப்பதால் கான் இருப்பது கிட்டப் போகும் வரை தெரியாது. அந்த மலை கவ்வாத்து வெட்டியதாக இருந்தால், இருபக்கமும் கூராகச் சீவிய கிளைகள் நிற்கும். அதன்மேல் விழுவதும் வெறும் மண்ணில் விழுவதும் ஒன்றாகாது. மூன்றாவது குறுக்குப் பாதை. யாரும் அளந்து வெட்டாதது. சீக்கிரம் போய்ச் சேர வேண்டிய கால்கள் நேர்கீழாக இழுத்த கோடு. அதில் கற்படி கட்டிய இடங்களும் உண்டு. 8 அங்குல உயரமும் 16 அங்குல அகலமும் கொண்ட படிவரிசை 50 சதவீதச் சரிவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அனுபவசாலிகளுக்கு மட்டும் என்று எழுதி வைக்கும் இரட்டைக் கறுப்பு வைரப் பாதையின் தொடக்க எல்லையையே அது இரண்டு மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது. தினமும் பள்ளிக்கூடம் போய் வந்த வழி என்பதால் அது எளிதாகிவிடாது.

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். திட்டமிட்டு அமைத்த சைக்கிள் பூங்காக்களில், கடினமான பாதையின் வாசலிலேயே ஒரு கடினமான தடையை வைக்கும் வழக்கம் உண்டு. அதைத் தாண்ட முடியாதவர் அங்கேயே திரும்பிவிடுவார். நம் குறுக்குப் பாதைகளுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. பல இடங்களில் உச்சி மட்டமாக இருக்கும், நடுவில் சரியும், ஓடையை நெருங்கும்போது செங்குத்தாகும், கடைசியில் மதகோ மோட்டார் ரோட்டோ குறுக்கிடும். அதாவது, கை களைத்து வேகம் கூடிய நேரத்தில்தான் மிக மோசமான இடம் வருகிறது. முதல் ஐம்பது மீற்றர் சுகமாக இருந்தது என்பதை நம்பி மீதியையும் எடை போடுவது இந்த மலைகளில் பெரிய பிழை. பாதையை அதன் தொடக்கத்தைக் கொண்டு அளக்காதீர்கள். அடியிலிருந்து மேல்நோக்கி ஒருமுறை நடந்து ஏறி, மிக மோசமான இடத்தைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டு அளவெடுங்கள்.

இப்போது மழைக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழை நேராக முகத்தில் அறையும் மேற்குச் சரிவு நம்முடையது. மே முதல் செப்டம்பர் வரை மண் காய்வதே அரிது. அதன்பின் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. மழையில் கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. காய்ந்து இறுகிய மண்ணில் டயருக்குக் கிடைக்கும் பிடி, மொத்த எடையில் பத்தில் ஆறு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நனைந்த களிமண்ணில் அது பத்தில் மூன்றாகக் குறையட்டும். 20 சதவீதச் சரிவில், வேகம் கூடாமல் பிடித்து வைக்கவே ஏறத்தாழ இரண்டு பங்கு செலவாகிவிடும். மீதிதான் நிறுத்த உதவும்: காய்ந்த நாளில் நான்கு பங்கு, ஈர நாளில் ஒரே ஒரு பங்கு. பிடி பாதியாகக் குறைந்தபோது, நிறுத்தும் சக்தி கால்வாசியாகிவிட்டது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த மண்ணில் 4 மீற்றரில் நிற்கும் சைக்கிள், ஈரத்தில் 16 மீற்றர் போகும். கண்டு, உணர்ந்து, விரலை அழுத்த ஒரு விநாடி ஆகும்; அதற்குள் இன்னும் ஐந்தரை மீற்றர் போயிருக்கும். அதே ஈரத்தில் சரிவு 30 சதவீதமானால் மிச்சம் எதுவுமே இல்லை. இரண்டு பிரேக்கையும் எவ்வளவு பக்குவமாகப் பிடித்தாலும் சைக்கிள் நிற்காது. அங்கே திறமைக்கு வேலையே இல்லை. இறங்கி, தள்ளிக்கொண்டு போவது ஒன்றுதான் வழி.

எனவே நேற்று உங்களுக்குப் பொருந்திய பாதை இன்றைக்கும் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தரம் பாதைக்கு மட்டும் உரியதன்று. பாதை, பொழுது, ஆள் மூன்றும் சேர்ந்த இடத்துக்கு உரியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தில் எத்தனை சரிவுகளைப் பெயர்த்துப் போட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண் சரிந்த இடத்தில் பழைய பாதை இருப்பது போலத் தோன்றினாலும் அடியில் பிடிமானம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில், எந்தத் திறமைசாலிக்கும் எந்த இறக்கமும் பொருந்தாது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளையும் பார்ப்போம். முதலாவது: நாங்கள் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், மழையில் வெறுங்காலோடு ஓடியவர்கள், எங்களுக்கா சொல்லித் தருகிறீர்கள்? நியாயமான கேள்வி. எந்தக் கல் பாசி பிடிக்கும், எந்தக் கானில் எப்போது தண்ணீர் வரும், எந்த மரத்தடியில் குளவிக்கூடு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அந்த அறிவு பொன்னானது. ஆனால் அது காலின் அறிவு. கால் ஒவ்வோர் அடியிலும் புதிதாக ஊன்றி, வழுக்கினால் அடுத்த அடியில் திருத்திக்கொள்ளும். சக்கரத்துக்கு அந்த வசதி இல்லை. அது தரையை விடாமல் தொட்டுக்கொண்டே போகிறது, வேகம் இரண்டு மடங்கானால் அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. நடந்து பழகிய பாதை கண்ணுக்குப் பழகியிருக்கும், டயருக்குப் பழகியிருக்காது. உங்கள் அறிவைப் பாதையைப் படிக்கப் பயன்படுத்துங்கள். சக்கரத்தின் மேல் உங்கள் திறமை எவ்வளவு என்பதைத் தனியாகச் சோதியுங்கள்.

இரண்டாவது மறுப்பு தெரிந்தவர்களிடமிருந்து வரும்: மெதுவாகப் போனால்தான் விழுவோம், வேரிலும் கல்லிலும் முன்சக்கரம் சிக்காமல் தாண்டக் கொஞ்சம் வேகம் வேண்டும், பாதி வழியில் பிரேக்கை இறுக்கினால் ஹேண்டிலுக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவோம். இது உண்மை, அப்படி முன்பக்கமாக விழுவதுதான் தலைக்கும் கழுத்துக்கும் தோளுக்கும் அதிகம் ஆபத்தானது. ஆனால் இந்த மறுப்பு என் அளவுகோலை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. நிறுத்தாமல் உருண்டே தாண்ட வேண்டிய துண்டுகள் ஒவ்வொரு கடினமான பாதையிலும் இருக்கும். அப்படிப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் நீங்கள் நிற்கக்கூடிய ஓர் இடமும், பின்னால் நிற்கக்கூடிய ஓர் இடமும் இருக்க வேண்டும். முன்னால் இருப்பது முடிவெடுப்பதற்கு, பின்னால் இருப்பது கூடிய வேகத்தைக் குறைப்பதற்கு. படிவரிசை முடிந்ததும் பத்து மீற்றர் மட்டமான தரை கிடைத்தால் ஒரு கணக்கு. படி முடிந்ததும் கிடுகிடு பள்ளமோ பஸ் வரும் வளைவோ இருந்தால் வேறு கணக்கு. இரண்டு நிற்கும் இடங்களையும் விரலால் சுட்டிக் காட்ட முடியாத துண்டில் இறங்காதீர்கள்.

மூன்றாவது: முயன்று பார்க்காமல் எப்படிக் கற்பது? முயலத்தான் வேண்டும், ஆனால் படிப்படியாக. 1990இல் அமெரிக்காவின் துராங்கோவில் முதல் அதிகாரபூர்வ மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டி நடந்த காலத்திலிருந்து இன்றுவரை எத்தனையோ இறக்க வீரர்கள் வந்துவிட்டார்கள். இன்றைய உலகக் கிண்ணப் போட்டிகளில், சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் வீரர்கள் தடத்தை நடந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு கல்லின் முன்னும் நின்று எந்தப் பக்கத்தால் போவது என்று பேசுகிறார்கள். அதன்பின் பயிற்சி ஓட்டம். கடைசியில்தான் நேரம் குறிக்கும் ஓட்டம். உலகின் மிகச் சிறந்தவர்கள் நடந்து பார்க்கும்போது, நாம் நடக்காமல் இறங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. உங்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். லொறி ரோட்டின் ஓர் இறக்கத்தில் ஒரு கல்லைக் குறியாக வையுங்கள். சீட்டைத் தாழ்த்தி, பெடல்களை மட்டமாக வைத்து அவற்றின்மேல் எழுந்து நின்று, இரண்டு பிரேக்கையும் மெல்லக் கூட்டி, எந்தச் சக்கரமும் பூட்டிக்கொள்ளாமல் அந்தக் கல்லருகே நில்லுங்கள். தொடர்ந்து பத்து முறை தவறாமல் நிற்க முடிந்தால் சற்றுச் செங்குத்தான இடத்துக்குப் போங்கள். பின்சக்கரம் இழுபட்டு மண்ணில் கோடு விழுந்தால், அந்தச் சரிவு இன்னும் உங்கள் வசப்படவில்லை என்று அர்த்தம். வீடியோவில் பார்த்தவர் இறங்கினாரே என்று ஏமாறாதீர்கள். அகன்ற கோணக் கமரா எந்தச் செங்குத்தையும் மட்டமாக்கிக் காட்டும்.

நான்காவது: நல்ல சைக்கிள் இருந்தால் போதாதா? சைக்கிளுக்கும் எல்லை உண்டு. மவுண்டன் சைக்கிள் என்று விற்கப்படும் எல்லாமே மலையில் குதிக்கச் செய்யப்பட்டவை அல்ல. பல தயாரிப்பாளர்கள் பின்பற்றும் வகைப்பாட்டில் இரண்டாம் வகை 15 சென்ரிமீற்றர் உயரம் வரையான குதிப்புக்கும், மூன்றாம் வகை 61 சென்ரிமீற்றருக்கும், நான்காம் வகை 122 சென்ரிமீற்றருக்கும் உரியவை. செங்குத்து இறக்கத்துக்கென்றே ஐந்தாம் வகை தனியாக உண்டு. உங்கள் சட்டத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பையோ கையேட்டையோ பாருங்கள். பிரேக்கையும் நீண்ட இறக்கம் சோதிக்கும். கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகில் 1976இல் தொடங்கிய இறக்கப் போட்டியில், 3 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் சுமார் 400 மீற்றர் இறங்குவார்கள். அந்தக் காலத்துப் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் அந்த ஒரே இறக்கத்தில் எரிந்து புகைந்துவிடும். திரும்ப இறங்க வேண்டுமானால் பிரித்துப் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். இன்றைய டிஸ்க் பிரேக் எவ்வளவோ மேல். ஆனாலும் விடாமல் இழுத்துப் பிடித்தால் அதுவும் சூடேறும், விரலும் மரத்துப்போகும். விலை கூடிய சைக்கிள் உங்கள் தவறைக் கொஞ்சம் மன்னிக்கும். மண்ணின் பிடியை அது உண்டாக்காது.

இவையெல்லாம் உங்கள் உடலைப் பற்றியவை. பாதை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. சைக்கிளுக்கென்றே ஒதுக்கிய பாதையில் நடப்பவர்கள் பெரும்பாலும் எதிரே வர மாட்டார்கள். நம் மலையில் முதுகில் கொழுந்து சுமந்து, தலை குனிந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு நடக்கும் அக்காமார் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வருவார்கள். பாரத்தோடு இரண்டடிப் பாதையில் நிற்கும் ஒருவருக்கு ஒதுங்க இடமில்லை. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடியாத வேகம், அவர்கள் உயிரை அவர்கள் சம்மதமின்றிப் பணயம் வைக்கும் வேகம். நான் விழுந்தால் எனக்குத்தானே என்ற வாதம் இங்கே நிற்காது. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். கொழுந்து எடுப்பு நடக்கும் மலையைத் தவிருங்கள். வளைவுக்கு அப்பால் பார்த்துச் சொல்ல ஒருவரை நிறுத்துங்கள்.

எனக்குத்தானே என்ற அந்த வாதம் வீட்டுக்குள்ளும் நிற்காது. முறிந்த காறை எலும்பு பொருந்தப் பொதுவாக ஆறு வாரமளவு வேண்டும். நாட்சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில் அது உலை வைக்கும் கணக்கையே மாற்றிவிடும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காமல் வரும். ஆனால் மோட்டார் ரோட்டு வரைதான் வரும். அதுவரை உங்களைச் சுமப்பது கூட வந்தவர்களின் தோள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை அருகில் இருப்பது நமக்குப் பெரும் ஆறுதல். ஆனால் பெரிய சிகிச்சைக்குக் கண்டிக்குப் போக வேண்டுமானால், அடிபட்ட தலையோடு மணிக்கணக்கில் மலை வளைவுகளைக் கடக்க வேண்டும். எனவே இங்கே தவறான மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் விலை அதிகம். எச்சரிக்கையும் அந்த அளவுக்கு அதிகமாக இருப்பதுதான் அறிவு. தனியாக இறங்காதீர்கள்; தலைக்கவசம் இல்லாமல் ஒருபோதும் இறங்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திறமைக்கு மீறிய இறக்கத்தில் ஒருவரைத் தள்ளுவது பெரும்பாலும் அவருடைய சொந்த ஆசையாக இருப்பதில்லை. நண்பர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து இறங்குபவரைக் கேலி செய்யும் கூட்டம், அடுத்த முறை அவரை அவர் விரும்பாத இடத்தில் ஓட்ட வைக்கிறது. ஆகவே உங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பாதை என்பதைக் கூட்டத்தில் அனுபவம் குறைந்தவரே முடிவு செய்யட்டும், நடந்து இறங்குபவரிடம் காரணம் கேட்கக் கூடாது.

உங்களிடம் ஒரு வேலையையும் கேட்கிறேன். மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு, உங்கள் டிவிசனில் ஒரே ஒரு பாதையை அடியிலிருந்து உச்சி வரை நடந்து ஏறுங்கள். சரிவு எவ்வளவு, அகலம் எவ்வளவு, கான் எங்கே, மிக மோசமான இடம் எது, அதற்கு முன்னும் பின்னும் எங்கே நிற்கலாம், மழைக்குப் பின் என்னவாகும், எந்த நேரத்தில் யார் நடப்பார்கள், அம்புலன்ஸ் எதுவரை வரும் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பத்துப் பாதைகள் சேர்ந்ததும் அது நோர்வூட்டின் முதல் தரப்பட்டியலாகிவிடும். வெளியூரிலிருந்து சைக்கிளோடு வருபவர்களுக்கும், உங்களுக்குப் பின் வரும் தம்பிமாருக்கும் அது வழிகாட்டும். பாதைகாட்டியாகப் பிழைக்க நினைப்பவருக்கு நாளை அதுவே கைமுதலாகவும் ஆகலாம். இந்த மலையை நன்றாக அறிந்தவர்கள் நீங்கள். அதன் இறக்கங்களுக்குத் தரம் சொல்லும் தகுதியும் உங்களுக்கே உண்டு. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் நீங்கள் முதலில் எழுத வேண்டியது, எங்கே நிற்கலாம் என்பதை.

உங்கள் நலம் விரும்பும்,
மலையகத்து அன்பர் ஒருவர்